‘வருகுதில்ல மனே’: கடல் கடந்தால் ஊர்த் தொலைக்காட்சி ஏன் மறைகிறது?

மண்டூர்த் துறையில் பாதைக்குக் காத்து நின்ற ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டோகாவிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். (வெளியூர் வாசகருக்கு: பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. மோட்டார் சைக்கிளோடு ஏறிவிடலாம்.) “ஒண்டும் வருகுதில்ல மனே. கறுப்பாக் கிடக்கு. போன கிழமை வரைக்கும் வந்ததுதானே?”

அவருக்குத் துப்புரவு வேலை. கம்பனித் தங்குமிடத்தில் ஆறு பேருக்கு ஓர் அறை. வெள்ளிக்கிழமைகளில் அவர் பார்ப்பது இலங்கைத் தமிழ்ச் செய்தியும் ஒரு நாடகமும். அதற்காக மூன்று பேர் சேர்ந்து முந்நூறு றியால் கொடுத்து ஒரு பெட்டி வாங்கியிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு எல்லா அலைவரிசையும் வரும் என்று சொல்லி விற்ற பெட்டி, மூன்றாம் மாதம் படுத்துவிட்டது. விற்றவரின் தொலைபேசியும் அதோடு படுத்துவிட்டது. இன்னொருவர் இருநூற்றைம்பது றியாலுக்கு வேறு பெட்டி தருகிறாராம், வாங்கட்டுமா என்று கேட்கத்தான் எடுத்திருக்கிறார்.

வெல்லாவெளி, பழுகாமம், மண்டூர் என்று மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எந்த வீதியில் போனாலும் கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ ஓர் ஆள் இருக்கிற வீடு தட்டுப்படும். சுவிஸிலும் இலண்டனிலும் கனடாவிலும் குடியேறிவிட்ட குடும்பங்கள் வேறு. எல்லோரும் ஒரு முறையாவது “வருகுதில்ல” என்று சொல்லியிருப்பார்கள். திரை கறுப்பதற்குக் காரணம் பல. எல்லாவற்றுக்கும் நம்மவர் செய்கிற வைத்தியம் ஒன்றுதான்: இன்னொரு பெட்டி. காசு போவது அங்கேதான்.

முதலில் எது வருகிறது, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். அலைவரிசையின் அதிகாரபூர்வச் செயலியிலோ யூடியூப் பக்கத்திலோ செய்தி ஓடுகிறது, நாடகமும் சினிமாவும் கிரிக்கெட்டும் மட்டும் மறைகின்றன என்றால், பழுது உங்கள் கருவியில் இல்லை. அது உரிமைச் சிக்கல். ஒரு கொழும்பு அலைவரிசை தமிழ்நாட்டு நாடகம் ஒன்றை வாங்கும்போது, பெரும்பாலும் இலங்கைக்குள் காட்டுகிற உரிமையைத்தான் வாங்குகிறது. அதே நாடகத்தின் வளைகுடா உரிமை இன்னொரு நிறுவனத்திடம் இருக்கும், ஐரோப்பிய உரிமை மூன்றாமவரிடம். கிரிக்கெட்டும் இப்படித்தான் நாடு நாடாக விற்கப்படுகிறது. இலங்கை அலைவரிசை அதை டோகாவுக்குக் காட்டினால் ஒப்பந்தம் மீறப்படும். ஆகவே உங்கள் இணைய முகவரி எந்த நாடு என்று பார்த்துத் திரையை மூடுகிறார்கள். செய்தி அவர்களே தயாரித்தது, அதனால் தடையின்றி வருகிறது.

தங்குமிடத்து வைஃபையில் வராதது கைத்தொலைபேசி டேட்டாவில் வந்தால், மறித்திருப்பது தங்குமிடத்து இணைப்பு. பக்கத்து வீட்டுத் தமிழருக்கும் வரவில்லை என்றால் அலைவரிசையோ செய்மதியோ நின்றிருக்கலாம். அவருக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஷ்ஷையும் வயரையும் பாருங்கள். இதைப் பார்க்கக் காசு செலவில்லை.

செய்மதி அலைவரிசை ஒரே இரவில் காணாமற் போவது நம்மவருக்குப் புதிதல்ல. 2007 ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி ஐரோப்பாவில் நின்றது. தனது செய்மதியில் காலியாக இருந்த இடத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி இன்டெல்சாட் நிறுவனம் அதை நிறுத்தியது. பாரிஸிலிருந்து இயங்கிய டி.டி.என் தமிழ்த் தொலைக்காட்சியும் அதே ஆண்டு நின்றுபோனது. அரசியலைப் பற்றி அவரவருக்கு ஓர் எண்ணம் இருக்கும். பார்வையாளர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டியது வேறு: செய்மதியில் இடம், ஒளிபரப்பு அனுமதி, வாடகைப் பணம், இவற்றில் ஒன்று அறுந்தாலும் டிஷ் வைத்திருக்கிறவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. பெரிய நிறுவனமும் விலக்கல்ல. அமெரிக்காவில் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளுக்காகப் பலர் சந்தா கட்டியிருந்த ஹாட்ஸ்டார் சேவை 2022 நவம்பர் 30 அன்று அங்கே மூடப்பட்டது. நிகழ்ச்சிகள் ஹுலுவுக்கு மாறின. வருடச் சந்தா மலிவு என்று ஆசை காட்டினாலும் மாதச் சந்தாவே கட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி பார்க்கிறவரின் உரிமை. ஊர்த் தொலைக்காட்சி பார்ப்பதெல்லாம் ஒரு உரிமையா என்று சிரிக்கிறவர்கள் ஸ்டொக்ஹோமின் ரிங்கபி பகுதியில் நடந்ததைக் கேட்க வேண்டும். ஈராக்கிலிருந்து போன ஒரு கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளுடன் அங்கே வாடகை மாடிவீட்டில் இருந்தார்கள். அரபு, பாரசீக நிகழ்ச்சிகள் பார்க்க ஒரு டிஷ் வைத்தார்கள். வெளியில் அன்டெனா கூடாது என்று வாடகை ஒப்பந்தம் சொன்னது. கழற்றச் சொன்னார்கள், இவர்கள் கழற்றவில்லை. பிறகு சுவரில் பூட்டாமல், குசினிக்குள்ளிருந்து ஒரு கம்பியை யன்னல் வழியே நீட்டி அதில் டிஷ்ஷைப் பொருத்தினார்கள். அதுவும் ஆகாதென்று வீட்டுக்காரர் வழக்குக்குப் போனார். சுவீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2006 இல் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறி, நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வேறொரு நகரத்துக்குப் போனது. ஒரு டிஷ்ஷுக்காக!

அவர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. தகவலைப் பெறும் சுதந்திரத்தைக் காக்கும் 10ஆம் உறுப்புரையை சுவீடன் மீறியிருக்கிறது, இழப்பீடு கொடு என்றது நீதிமன்றம். தாய்நாட்டு அரசியலும் செய்தியும் மட்டுமல்ல, பண்பாட்டு நிகழ்ச்சியும் வெறும் பொழுதுபோக்கும்கூட இப்படிப்பட்ட குடும்பத்துக்கு முக்கியம் என்று எழுதினார்கள் நீதிபதிகள். வானொலி இருக்கிறது, வெளிநாட்டுப் பத்திரிகை இருக்கிறது என்பது ஈடாகாது என்றும் சொன்னார்கள். நாடகம் பார்க்கிறதற்கு நம் சின்னம்மாக்களைக் கேலி செய்கிறவர்களுக்கு இந்தப் பந்தியை மொழிபெயர்த்து ஒட்டி வைக்கலாம்.

ஆனால் இந்தத் தீர்ப்பை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். வேறு வழியில் அந்த நிகழ்ச்சிகளைப் பார்க்க அவர்களுக்கு முடிந்தது என்று காட்ட எதுவுமில்லை என்பதும் அங்கே ஒரு காரணம். இன்றைக்கு வீட்டுக்காரர் “இணையத்தில் பாருங்களேன்” என்று சொல்வார். அப்போது இணையத்தில் எந்த நிகழ்ச்சி மறைக்கப்பட்டிருக்கிறது என்று திரையைப் படம் எடுத்து, திகதியோடு வைத்திருப்பது உதவும். டிஷ் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருக்கிறது, கீழே போகிறவர் தலையில் விழாது என்பதற்கும் படம் வேண்டும். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, பிரித்தானியா எல்லாம் இந்த நீதிமன்றத்தின் கீழ் வருகிற நாடுகள். கழற்று என்று கடிதம் வந்தால் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். உள்ளூர் வாடகைதாரர் சங்கத்துக்குக் கடிதத்தோடு போங்கள். அமெரிக்காவில் 1996 இல் வந்த தனி விதி 1999 முதல் வாடகைதாரருக்கும் உண்டு: வாடகைக்கு இருப்பவர் தன் பாவனைக்கு மட்டுமான பல்கனியில் ஒரு மீற்றர் வரை விட்டமுள்ள டிஷ் வைப்பதை, பாதுகாப்புப் போன்ற காரணமின்றி வீட்டுக்காரர் தடுக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஜேர்மனியில் காசு கட்டி எடுத்த இணையச் சந்தாவை, விடுமுறைக்கு இத்தாலி போனாலும் அதே மாதிரிப் பார்க்கலாம். இதை வைத்து, இலங்கையில் கட்டிய சந்தாவையும் அங்கே பார்க்கலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியாது. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. பிரித்தானியாவுக்கு 2021 முதல் இது பொருந்தாது.

வளைகுடாவில் கதை வேறு. எல்லைகளைக் கடந்து தகவலைப் பெறும் உரிமையைப் புலம்பெயர் தொழிலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது 1990 ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயம். அதன் 13ஆம் உறுப்புரை. இலங்கை 1996 இல் அதில் சேர்ந்தது. வளைகுடா நாடு ஒன்றுகூடச் சேரவில்லை. ஆள் அனுப்புகிற நாடு கையெழுத்துப் போட்டு, வேலை வாங்குகிற நாடு போடாத சமவாயத்தை வைத்து அங்கே வழக்காட முடியாது. வீட்டு வேலைக்குப் போனவர்களிடம் தொலைபேசியையே வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. தொலைக்காட்சி கிடக்கட்டும், பிள்ளையின் குரல்கூட இல்லை. 2018 மே மாதம் பிலிப்பைன்ஸ் குவைத்துடன் செய்த ஒப்பந்தத்தில், பணிப்பெண் தன் தொலைபேசியைத் தன்னிடமே வைத்திருக்கலாம் என்று எழுத்தில் வாங்கியது. இதை எங்கள் அரசிடமும் கேட்க வேண்டும். அதுவரை, தொலைபேசி பறிக்கப்பட்டால் ஊரிலிருக்கும் குடும்பம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குச் சொல்லலாம். வெல்லாவெளியில் இருக்கிற போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டின் பிரதியும் வீட்டில் இருந்தால் அலைச்சல் குறையும்.

இப்போது அந்தப் பெட்டி. ஆயிரம் அலைவரிசை, வருடத்துக்கு இவ்வளவுதான் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் திருட்டு ஒளிபரப்பு. 2017 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இப்படிப் பெட்டியில் இணைப்புகளை முன்கூட்டியே ஏற்றி விற்பது பதிப்புரிமை மீறல் என்று தீர்த்தது. 2024 நவம்பரில் இத்தாலியப் பொலிஸார் முன்னின்று ஒரு வலையமைப்பை உடைத்தபோது, உலகம் முழுக்க 2 கோடி 20 இலட்சம் பேர் அதில் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பெட்டிகளெல்லாம் ஒரே நாளில் கறுத்திருக்கும். இத்தாலியில் 2023 சட்டத்தின்படி பார்ப்பவருக்கே 5,000 யூரோ வரை தண்டம் உண்டு. பலேர்மோவில் இருக்கிற நம்மவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. மலிவு ஆண்ட்ரொயிட் பெட்டிகள் சில, தொழிற்சாலையிலிருந்தே நச்சு மென்பொருளோடு வருகின்றன. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற பெயரில் 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பற்றி எச்சரித்தது. வீட்டு வைஃபையில் பூட்டியதும் அந்தப் பெட்டி வேறு யாருக்கோ வேலை செய்யத் தொடங்கும். உங்கள் இணைப்பு வழியாக யாரோ களவெடுத்தால், பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

காசைத் திரும்ப எடுக்கலாமா என்றால், வங்கி அட்டையால் பதிவுள்ள கடைக்குக் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் சொல்லலாம். கையில் கொடுத்த காசுக்கும் வங்கி வழியில்லாமல் உண்டியலில் அனுப்பிய காசுக்கும் எந்த வழியும் இல்லை. பற்றுச்சீட்டு தராதவரிடம் வாங்காதீர்கள்.

இணைய முகவரியை வேறு நாடாகக் காட்டுகிற வி.பி.என். போட்டால் சரி என்று பொடியன்கள் சொல்வார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வி.பி.என். வைத்திருப்பது மட்டும் குற்றமல்ல. அதை வைத்து ஒரு குற்றம் செய்தால், இல்லையேல் குற்றத்தை மறைத்தால், 2021 ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி சிறையும் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டமும் வரலாம். நாடகத்தின் அடுத்த பகுதிக்காக எடுக்கிற ஆபத்தா இது?

ஊரில் நாங்கள் ஒழுங்கு என்றும் சொல்ல முடியாது. செய்மதியிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்கு வருகிற இந்திய டிடிஎச் சேவையின் உரிமம் இந்தியாவுக்குள் மட்டும்தான். நம் கூரைகளில் இருக்கிற அந்த டிஷ்கள் நின்றாலும் முறைப்பாடு செய்ய ஓர் இடமில்லை.

அரச அலைவரிசைகளிடம் கேட்க ஒரு வழி இருக்கிறது, யாரும் பாவிப்பதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த இலங்கைக் குடிமகனும், வெளிநாட்டில் இருந்தாலும், நேத்ரா தமிழ் அலைவரிசையை நடத்தும் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்திடம் எழுதிக் கேட்கலாம்: எந்தெந்த நிகழ்ச்சியை வெளிநாட்டுக்கு மறைக்கிறீர்கள், எந்த ஒப்பந்தத்தால்? 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொந்தத் தயாரிப்பையும் மறைத்திருந்தால் அதற்கு அவர்கள் நியாயம் சொல்லியே ஆக வேண்டும். தனியார் அலைவரிசையிடம் பெரும்பாலும் வேண்டுகோள்தான் வைக்கலாம்.

சின்னம்மாவுக்கு இரண்டாவது பெட்டி வேண்டாம் என்று சொன்னேன். செய்தியை அதிகாரபூர்வ யூடியூப்பில் எடுத்துக் காட்டினேன். நாடகம்தான் இல்லை. மறுகா ஒரு கிழமை கழித்து அவர் கேட்டது வேறு: “கோயில் குளிர்த்திய லைவ்வில போட்டாங்களே, பாதியில சத்தம் நிண்டு போச்சு. ஏன் மனே?”

காரணம் எங்கள் பக்கம். கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் செய்கிற குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது பின்னால் ஒலிபெருக்கியில் இசைத்தட்டுப் பக்திப்பாட்டு ஓடியது. சமூக வலைத்தளங்களில் இருக்கிற தானியங்கிப் பதிப்புரிமைக் காவல் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துச் சத்தத்தை வெட்டும். சில நாடுகளுக்கு முழு ஒளிபரப்பையுமே மறைக்கும். கொழும்பு அலைவரிசையிலும் சென்னை அலைவரிசையிலும் வராத எங்கள் உடுக்குச் சத்தமும், ‘மறுகா’ (பிறகு) என்கிற எங்கள் பேச்சும் டோகாவுக்குப் போகிற ஒரே வழி அந்த லைவ்தான். அது எங்கள் சொந்தத் தயாரிப்பு, யாரிடமும் உரிமை வாங்கத் தேவையில்லை. கோயில் நிர்வாக சபையினரே, லைவ் போடுகிற தம்பிமாரே, சடங்கு நடக்கிற நேரம் பாட்டுப் பெட்டியை நிறுத்திவையுங்கள், ஒரு பிரதியைத் தனியாகப் பதிந்தும் வையுங்கள். வைகாசிக்கு முந்திய கூட்டத்தில் இதை ஒருக்கா எடுத்துப் பேசிவிடுங்கள்.