ஒரே ‘இல்’, மூன்று ஆங்கிலச் சொற்கள்

பிடோக் வட்டாரவாசிகளுக்கு நன்கு அறிமுகமான ‘ஹார்ட்பீட்@பிடோக்’ கட்டடத்தின் பெயரிலேயே ஓர் ஆங்கிலப் பாடம் இருக்கிறது. நூலகம், சமூக மன்றம், பலதுறை மருந்தகம் ஆகியவை அமைந்துள்ள அந்தக் கட்டடம் 2017ல் திறக்கப்பட்டது. பெயரின் நடுவே உள்ள குறியை ‘அட்’ என்று படிக்க வேண்டும். தமிழில் ‘பிடோக்கில்’ என்றால் போதும். ஆங்கிலத்திலோ அந்த ‘இல்’ இடத்திற்கேற்ப ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ என மாறும்.

தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது தனிச்சொல்லாகப் பெயருக்கு முன்னால் வரும். அதனால்தான் அதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர். இடத்தை நுட்பமாகச் சொல்லத் தமிழிலும் வழியுண்டு. ஏழாம் வேற்றுமையை விளக்கும் தொல்காப்பியம் உள், கீழ், மேல், பின், அயல் எனப் பல இடப்பொருள்களை அடுக்குகிறது. ஆனால், அன்றாடப் பேச்சில் ‘இல்’ ஒன்றே எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இடம்

ஒரு புள்ளியாக நினைக்கும் இடத்திற்கு ‘அட்’: பிடோக் எம்ஆர்டி நிலையத்தில் சந்திப்போம். தளம் அல்லது பரப்புக்கு ‘ஆன்’: ஐந்தாம் மாடியில் வீடு, மேசையில் சாவி. சுற்றி எல்லை உள்ள இடத்திற்கு ‘இன்’: பிடோக்கில் வசிக்கிறார், அறையில் தூங்குகிறார்.

வாகனங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. எழுந்து நடக்கக்கூடிய பேருந்து, ரயில், விமானத்திற்கு ‘ஆன்’. குனிந்து ஏறி உட்காரும் கார், டாக்சிக்கு ‘இன்’.

நேரம்

மணிக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்திற்கும் ஆண்டுக்கும் ‘இன்’. காலையில் என்பதற்கு ‘இன் த மார்னிங்’. இரவில் என்பதற்கு மட்டும் ‘அட் நைட்’.

பொருளே மாறும் இடங்கள்

சில பிழைகளைக் கேட்பவர் பொருட்படுத்தமாட்டார். சில பிழைகளோ வேலையையும் உடல்நலத்தையும் பாதிக்கலாம். மருத்துவர் ‘இன் ஃபைவ் டேஸ்’ வரச் சொன்னால், பொதுவாக ஐந்து நாள் கழித்து என்று பொருள். ‘வித்தின் ஃபைவ் டேஸ்’ என்றால் ஐந்து நாளுக்குள். மருந்தை ‘ஃபார் ஃபைவ் டேஸ்’ சாப்பிடச் சொன்னால் ஐந்து நாள்களுக்குத் தொடர வேண்டும்.

விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுப்பதற்கு ‘பை ஃபிரைடே’. வெள்ளிக்கிழமை வரை கடை திறந்திருக்கும் என்பதற்கு ‘அன்டில் ஃபிரைடே’. முதலாவது கெடு, இரண்டாவது தொடர்ச்சி. மூன்று ஆண்டுகளாக வேலை செய்வதைச் சொல்ல ‘ஃபார் திரீ இயர்ஸ்’. தொடங்கிய ஆண்டைக் குறிப்பிட்டால்தான் ‘சின்ஸ்’. வேலை நேர்காணலில் அடிக்கடி தேவைப்படும் வேறுபாடு இது.

தமிழின் நிழல்

‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் முன்னிடைச்சொல் தேவையில்லை. ஒருவருடன் திருமணம் என்பதால் ‘மேரிட் வித்’ என்று வாயில் வரும். ‘மேரிட் டு’ என்பதே சரி. ‘ஆன் த லைட்’, ‘ஆஃப் த ஃபேன்’ என்பவை சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கு. வீட்டில் பேசுவதில் தவறில்லை. தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் ‘சுவிட்ச்’ அல்லது ‘டர்ன்’ முன்னால் வர வேண்டும்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பும் பகுதியிலும் முன்னிடைச்சொற்கள் வரும். பிள்ளையுடன் சேர்ந்து பெற்றோரும் பழகலாம். ‘குட்’ என்பதைத் தனியே மனப்பாடம் செய்யாமல் ‘குட் அட் மேத்ஸ்’ என்று முழுத் தொடராகவே படிப்பது நல்லது. அடுத்த முறை எம்ஆர்டி அறிவிப்பைக் கேட்கும்போதும் மருந்துப் பொட்டலத்தைப் படிக்கும்போதும், பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்னச் சொல்லைக் கவனியுங்கள்.