கடவுளுண்மைச் சான்றும் மறைநூல் நம்பகமும்: ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடவுள் உண்டு என்பதற்கான சான்றும் கிறித்தவ மறைநூலின் நம்பகமும் பெரும்பாலும் ஒரே வினாவாகவே விவாதிக்கப்படுகின்றன. இவற்றுள் மூன்று தனி வினாக்கள் அடங்கியுள்ளன என்பதையும், அவற்றைப் பிரித்தறிவதற்கான கருவிகள் ஸ்ரீவில்லிபுத்தூரை மையமாகக் கொண்ட வைணவ மரபிலேயே உள்ளன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அளவை, ஆகமப் பிரமாணம், பாடவேறுபாடு, பெரியாழ்வார், தமிழ் விவிலியம்

முன்னுரை

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றற்கொன்று அண்மையில் அமைந்த ஊர்கள். பின்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த பதி. இவ்வட்டாரம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட திருநெல்வேலிக் கிறித்தவப் பணியின் களமாகவும் ஆயிற்று. கடவுளைச் சான்று காட்டி நிறுவுதல் என்னும் முயற்சி இருவேறு வடிவங்களில் இங்கு வந்து சேர்ந்தது. அவ்விரு வடிவங்களும் ஒருங்குவைத்து நோக்கத்தக்கவை.

பொற்கிழி வாதம்

பாண்டியன் வல்லபதேவன் மறுமைக்குரிய பரம்பொருள் எது என்று அறிய விரும்பி, பொற்கிழி ஒன்றைத் தொங்கவிட்டு அறிஞர்களை அழைத்தான். செல்வநம்பியின் வழியாகச் செய்தி அறிந்து சென்ற விட்டுசித்தர் வேதங்களை எடுத்தோதித் திருமாலே பரம்பொருள் என நிறுவினார். கிழி தானே தாழ்ந்தது. குருபரம்பரை நூல்கள் கூறும் இச்செய்தியில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது, அவையின் வினா கடவுள் உண்டா என்பதன்று. உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது, முதன்மையே வழக்கிடப்பட்டது. எனவே விட்டுசித்தர் காட்டிய சான்று உலகிலிருந்து கடவுளை ஊகிக்கும் கருதலளவை அன்று, மறைமொழியாகிய உரையளவை. இரண்டாவது, வாதத்தின் வெற்றியை அறிவித்தது அவையோரின் தீர்ப்பு அன்று, கிழி தாழ்ந்த அற்புதம். மறைநூல் பொருளைச் சொல்ல, அற்புதம் அதற்கு முத்திரையிடுகிறது. இதே அமைப்பைக் கிறித்தவச் சான்று நூல்களிலும் காணலாம்.

கருதலளவையின் எல்லை

கருதலளவையால் கடவுளை நிறுவும் மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்கு ஒரு வினைமுதல் வேண்டும் என்பதே சிவஞானபோத முதற்சூத்திரத்தின் வாதம். நியாய மரபில் உதயணரின் நியாயகுசுமாஞ்சலி இதே நெறியில் விரிவாகச் செல்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மரபில் ஆண்டாளின் தமையனாகவே போற்றப்படும் இராமாநுசர் இவ்வழியை ஏற்கவில்லை. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திர உரையில் (1.1.3), பிரம்மத்தை அறிய மறைநூல் ஒன்றே வாயில் என்கிறார். குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பதுபோல உலகைக் கண்டு இறைவனை ஊகிக்கலாம் என்பாரை அவர் மடக்கும் முறை கூர்மையானது. செய்பொருளுக்குச் செய்தவன் உண்டு எனக் கொண்டாலும், செய்தவன் ஒருவனே என்பது எப்படிப் பெறப்படும்? பெரும் பொருள்களைப் பலர் கூடிச் செய்வதையே காண்கிறோம். ஒரே காலத்தில் எல்லாம் செய்யப்பட்டன என்பதற்கும் ஆதாரம் இல்லை. குயவனுக்கு உடலும் வினையும் உண்டு. உவமையைப் பற்றிச் சென்றால் இறைவனுக்கும் அவை வந்து சேரும். ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தையோ ஆடிப்பூரத் தேரையோ காண்பவர் ஒரு தச்சனை ஊகிக்கமாட்டார், பலரையே ஊகிப்பார். வீட்டையும் கப்பலையும் கட்டப் பலர் கூடுகின்றனர், உலகை ஆக்கப் பல தெய்வங்கள் கூடியிருக்கலாகாதா என்று டேவிட் ஹியூம் 1779இல் வெளிவந்த நூலில் எழுப்பிய வினா இதனோடு பெரிதும் ஒத்தது. ஆனால் ஹியூம் ஐயத்தில் நிற்க, இராமாநுசர் மறைநூலை நோக்கித் திரும்புகிறார்.

வட திருநெல்வேலிப் பணியும் பேலியின் சங்கிலியும்

கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பயின்ற தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், சி.எம்.எஸ். சங்கத்தின் சார்பில் 1854இல் வட திருநெல்வேலியில் ஊர்தோறும் கூடாரமிட்டுச் செல்லும் பணியைத் தொடங்கினார். டேவிட் ஃபென், மெடோஸ் ஆகியோர் உடன் பணியாற்றினர். ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் மறைந்தார்.

அவர் பயின்ற காலத்துக் கேம்பிரிட்ஜின் முதனிலைத் தேர்வில் வில்லியம் பேலியின் கிறித்தவச் சான்றுகள் பற்றிய நூல் (1794) பாடமாக இருந்தது. அக்காலப் படித்த குருமார்க்குச் சான்று என்றால் பேலியின் முறையே. அது மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி எனலாம். உலகின் அமைப்பு ஓர் அறிவுடைய முதல்வனைக் காட்டுகிறது. முதல்வன் இருப்பின் அற்புதம் நிகழக்கூடும். அற்புதத்தைக் கண்டதாகச் சொன்னவர்கள் அதன்பொருட்டுத் துன்பங்களை ஏற்றனர் ஆதலின் அவர்தம் சாட்சியம் நம்பத்தக்கது. முதற் கண்ணியைப் பேலி 1802இல்தான் தனி நூலாக எழுதினார். தம் நூல்கள் படிக்கப்பட வேண்டிய வரிசைக்கு நேர்மாறாக எழுதப்பட்டவை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். இராமாநுசரின் மறுப்பு அம்முதற் கண்ணியையே தாக்குகிறது. அது அறுந்தால், மறைநூல் வேறு துணையின்றித் தன் சுமையைத் தானே தாங்க வேண்டும். அந்நிலையில் நூலின் பாடம் எத்தகையது என்ற வினா முன்னிலும் கடுமையாகிறது.

செல்லரித்த உரையும் உட்புகுந்த தொடரும்

பாடம் பற்றிய வினாவில் தமிழாய்வாளர் அயலார் அல்லர். சுவடி ஒப்பீடும் பாடவேறுபாடும் அவர்தம் அன்றாடத் தொழில். இங்கு ஒரு வைணவ நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையின் பெரும்பகுதி செல்லரித்து மறைந்தது. பின்வந்த மணவாள மாமுனிகள் மறைந்த பகுதிக்கு மட்டும் உரை வரைந்து, பழைய உரை எஞ்சியிருந்த இடத்தில் தம் உரையை நிறுத்திக்கொண்டார் என்பது மரபு. எது யாருடையது என்பது இன்றும் தெளிவாகவே வழங்குகிறது. பாடம் அழிந்ததை மறைக்காத மரபு இது.

கிறித்தவ மறைநூலில் இதற்கு மாறான ஓரிடம் உண்டு. யோவானின் முதல் திருமுகம் 5:7இல் விண்ணில் சான்று பகரும் மூவரைப் பற்றிய தொடர் பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லை. மிகப் பிந்திய சிலவற்றில் மட்டுமே காணப்படுகிறது. இலத்தீன் மரபில் விளக்கக் குறிப்பாகத் தோன்றி மூலத்தினுள் புகுந்தது என்பதே பாட ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. எராஸ்மஸ் தம் கிரேக்கப் பதிப்பில் 1516, 1519 ஆகிய இருமுறையும் இதனைச் சேர்க்கவில்லை; எதிர்ப்பு வலுத்தபின் 1522இல் சேர்த்தார். அப்பாடநெறியைத் தழுவிய பவர் திருப்புதல் (1871) புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. தொடர் அதில் உள்ளது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் (1995) இல்லை. ஒரே ஊரின் இரு ஆலயங்களில் ஒரே வசன எண்ணின்கீழ் வேறுவேறு தொடர் ஒலிக்கிறது. மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரு வசனங்களும் (16:9–20) நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை.

இவ்வேறுபாடுகளைக் காட்டி விவிலியம் முழுதும் திருத்தப்பட்டது என வாதிடுவோர் உண்டு. அது பொருந்தாது. புதிய ஏற்பாட்டிற்கு 5,000க்கு மேற்பட்ட கிரேக்கச் சுவடிகள், துண்டுகள் உட்பட, கிடைத்துள்ளன. இடைச்செருகலை அடையாளம் காண முடிந்ததே அவற்றின் மிகுதியால்தான். ஒரே சுவடியை நம்பி நிற்கும் பழந்தமிழ் நூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனினும் மறுதலையும் உண்டு. சுவடிகளின் எண்ணிக்கை, ஆசிரியன் எழுதியது இது என்பதை மட்டுமே நிறுவும். எழுதியது நிகழ்ந்தது என்பதை நிறுவாது. எண்ணிக்கையை முன்வைத்து நேரே கொள்கைக்குத் தாவும் பரப்புரை நூல்களின் பிழை இதுவே.

பாடத்திலிருந்து நிகழ்விற்கு

பாடத்திலிருந்து நிகழ்விற்குச் செல்லும் வழியைப் பெரியாழ்வாரைக் கொண்டே சோதிக்கலாம். அவர் திருமொழியில் திருமாலிருஞ்சோலை பற்றிய பதிகத்தில் (4.2) பாண்டியன் நெடுமாறன் குறிக்கப்படுகிறான். இந்த அகச்சான்றைக் கொண்டே அவரை ஒன்பதாம் நூற்றாண்டின் சீமாறன் சீவல்லபனோடு இணைப்பர். ஆனால் கிழி தாழ்ந்த செய்தி தனியனிலும் பல நூற்றாண்டுகள் பிந்திய குருபரம்பரை நூல்களிலும் வருவது. முன்னதை வரலாறாகவும் பின்னதைப் பத்தி மரபாகவும் கொள்வதே ஆய்வு நெறி. கருத்தரங்கக் கட்டுரைகள் பலவற்றில் இரண்டும் ஒரே மூச்சில் வரலாறாக எழுதப்படுவது வருந்தத்தக்கது.

இதே அளவுகோலைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திற்கும் (15:3–8) வைக்க வேண்டும். உயிர்த்த இயேசுவைக் கண்டோரின் பட்டியல் அதில் உள்ளது. திருமுகம் ஏறத்தாழ கி.பி. 55ஐச் சேர்ந்தது, நிகழ்ச்சிக்கும் அதற்கும் இடையே கால் நூற்றாண்டு அளவே. பவுல் தம்மையும் பட்டியலில் சேர்க்கிறார். பண்டைய உலகின் சான்றுகளுள் இது அண்மையானது என்பதை ஐயுறுவோரும் மறுப்பதில்லை. அந்நம்பிக்கை பிற்காலப் புனைவன்று, தொடக்கத்திலேயே இருந்தது என்பதை இப்பட்டியல் உறுதியாக நிறுவுகிறது. அவர்கள் கண்டது எது என்பதைத் தீர்மானிக்கும்போது, அற்புதம் நிகழக்கூடும் என்ற முன்முடிவு உள்ளே வந்துவிடுகிறது. பேலி அதனை உலக அமைப்பிலிருந்து பெற்றார். ஹியூம் எந்தச் சாட்சியமும் அதற்குப் போதாது என்றார். இராமாநுசரின் நெறியில் நிற்பவர் பேலியின் வாயிலை மூடிவிடுகிறார். ஆனால் பல மறைநூல்களுள் எதனை உரையளவையாகக் கொள்வது என்ற வினாவிற்கு அவர் வேறோரிடத்தில் விடை தேட வேண்டியிருக்கிறது.