பாட்டை நிறுத்தும் குறி

ஐரோப்பிய நாடுகளின் கார்களில் ஒலிக்கும் குறுந்தகட்டுப் பாட்டு இடையில் தானாகவே நின்று, நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றிய அறிவிப்பு ஒலித்து, அது முடிந்ததும் பாட்டு மீண்டும் தொடர்வது நெடுநாள் வழக்கம். வானொலிப் பெட்டி அறிவிப்பாளரின் பேச்சைப் புரிந்துகொண்டு இவ்வாறு செய்வதில்லை; பேச்சோடு சேர்த்து, காதுக்கு எட்டாத ஒரு குறியை நிலையம் அனுப்புவதாலேயே இது நிகழ்கிறது.

இதற்கு வித்திட்டது மேற்கு ஜெர்மனி. 1974-இல் அங்கு அறிமுகமான ஏ.ஆர்.ஐ. முறையில், பண்பலை ஒலிபரப்போடு 57 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட துணை அலை ஒன்றும் ஏற்றி அனுப்பப்பட்டது. மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸே என்பதால் அது எவர் காதிலும் விழாது. அந்த அலை இருப்பதைக் கொண்டே சாலைச் செய்தி தரும் நிலையத்தைப் பெட்டி இனங்கண்டது. அறிவிப்பு தொடங்கும்போது அதன்மேல் ஏறும் 125 ஹெர்ட்ஸ் குறி, ஒலியைக் கூட்டவும் நாடாப் பாட்டை நிறுத்தவும் பெட்டிக்கு ஆணையிட்டது.

பின்னர் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஆர்.டி.எஸ். முறை, அதே 57 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 1187.5 பிட் வேகத்தில் எண்ணிமத் தகவலை அனுப்புகிறது; பழைய குறியோடு மோதாதபடி கால் சுற்று விலக்கி அது அமைக்கப்பட்டதால், முன்பே விற்ற பெட்டிகளும் வீணாகவில்லை என்பது வடிவமைத்தவர்களின் பொறுப்புணர்வைக் காட்டுகிறது. அத்தகவலில் டி.பி. என்னும் பிட் 1 ஆக இருந்தால் அது சாலைச் செய்தி தரும் நிலையம், டி.ஏ. என்னும் பிட்டும் 1 ஆனால் அறிவிப்பு அக்கணமே ஒலிபரப்பாகிறது என்று பொருள்.

இவற்றினும் நுட்பமானது, ஒரு நிலையம் தன் உடன்பிறப்பு நிலையங்களின் நிலவரத்தையும் சுமந்து செல்லும் இ.ஓ.என். ஏற்பாடு. இங்கிலாந்தில் பி.பி.சி. ரேடியோ 3-இல் செவ்வியல் இசை கேட்டவரின் பெட்டி, அப்பகுதியின் பி.பி.சி. உள்ளூர் நிலையத்தில் அறிவிப்பு தொடங்கியதை இசையோடு வரும் தகவலிலிருந்தே அறிந்து, அங்கு தாவி, அறிவிப்பு முடிந்ததும் இசைக்குத் திரும்பிவிட்டது.

இத்தனையும் ஒலிபரப்பு அறையில் இருப்பவரின் ஒழுங்கைச் சார்ந்தது: அறிவிப்பு முடிந்தபின் டி.ஏ. குறியை அணைக்க அவர் மறந்தால், கேட்பவரின் பாட்டு திரும்பாது. எரிச்சலடையும் ஓட்டுநர் அந்த வசதியையே அணைத்துவிடுவார். எதிர்த்திசையில் ஒரு வாகனம் வருகிறது என்னும் எச்சரிக்கையும் ஜெர்மனியில் இவ்வழியாகவே ஓட்டுநரை எட்டுவதால், அந்தச் சிறு மறதி உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவே இவ்வசதி உள்ள நாடுகளில் கார் ஓட்டுவோர், புறப்படுமுன் டி.ஏ. பொத்தான் இயக்கத்தில் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.