நிலம் வித்த காசும் கல்ஃப் சம்பளமும்: எண்ணெய் நாடுகள்கிட்ட கத்துக்க வேண்டிய கணக்கு

வேப்பந்தட்டை வட்டாரத்துல நிறைய வீடுகளுக்குப் பூமிக்கு அடியில இருந்துதான் பணம் வருது. வி.களத்தூர்ல இருந்து குவைத், சவுதி போனவங்க அனுப்புற சம்பளம், எண்ணெய்ல ஓடுற பொருளாதாரத்துல இருந்து வருது. இந்தப் பக்கம் அரியலூர்ல சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைக்கு நிலம் கொடுத்தவங்க கைக்கு ஒரே தடவையில பெரிய தொகை வருது.

ரெண்டு பணமும் ஒருநாள் நின்னு போகும். கல்லு தீர்ந்தா குழிதான் மிச்சம். விசா முடிஞ்சா சம்பளம் இல்லை. ஆனா நாம இதை நிரந்தர வருமானம் மாதிரி நினைச்சு செலவு பண்றோம். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

ராயல்டி ஒரு விலை

2024 ஜூலையில உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கனிமத்துக்குக் கட்டுற ராயல்டி வரி கிடையாது, குத்தகைக்கு எடுத்தவர் உரிமையாளருக்குத் தர்ற பிரதிபலன்னு சொன்னது. சிம்பிளா சொன்னா, அது சொத்தைக் கொடுத்து வாங்குற காசு. அதே தீர்ப்பு, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம்னும் சொன்னது. அதுக்கப்புறம் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல்ல இருந்து சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 160 ரூபாய் வரி விதிச்சிருக்கு. ஒரு தடவை வெட்டி எடுத்தா திரும்ப முளைக்காதுங்கிறது அரசுக்குத் தெரியும். நமக்கும் தெரியணும்.

மூணு நாடு, மூணு பாடம்

நவ்ரு: பசிபிக் கடல்ல இருக்கிற 21 சதுர கிலோமீட்டர் தீவு. பாஸ்பேட் வித்து ஒரு காலத்துல பெரும் பணக்கார நாடா இருந்தது. ஆஸ்திரேலியாவோட மெல்போர்ன்ல 52 மாடிக் கட்டடமே கட்டுச்சு. பாஸ்பேட் குறைஞ்சது, கடன் ஏறுச்சு, 2004-ல அந்தக் கட்டடமும் கைவிட்டுப் போச்சு.

குவைத்: சுதந்திரம் கிடைச்சது 1961-ல. அதுக்கு முன்னாடியே, 1953-ல, எண்ணெய்ப் பணத்தை முதலீடு பண்ண ஒரு அமைப்பு வெச்சாங்க. 1976-ல வருங்கால சந்ததிக்குன்னு தனி நிதி ஆரம்பிச்சு, அரசு வருமானத்துல 10 சதவீதத்தை ஒதுக்கினாங்க. 1990-ல ஈராக் படை நுழைஞ்சப்போ, வெளிநாட்டுல சேர்த்து வெச்ச இந்தப் பணம்தான் நாடு விட்டுப் போன அரசுக்குக் கை கொடுத்தது.

நார்வே: எண்ணெய்ப் பணத்தை நிதியில போட்டுட்டு, வருஷத்துக்குச் சராசரியா 3 சதவீதம்தான் செலவுக்கு எடுக்கணும்னு விதி வெச்சிருக்காங்க. பணவீக்கம் போக அந்த நிதி அவ்வளவு சம்பாதிக்கும்னு ஒரு மதிப்பீடு. அசலைத் தொடக்கூடாதுங்கிறதுதான் இதோட நோக்கம்.

இப்ப உங்க கணக்கு

நிலம் வித்து 20 லட்சம் வந்ததுன்னு வெச்சுக்குங்க. 7 சதவீத வட்டிக்கு எஃப்டி போட்டா வருஷம் 1,40,000 ரூபாய். விலைவாசி 5 சதவீதம் ஏறுச்சுன்னா, அசலோட மதிப்பைக் காப்பாத்த 1,00,000 ரூபாயைத் திரும்ப அதுலயே போடணும். செலவுக்கு மிஞ்சுறது 40,000. மாசத்துக்கு 3,300 ரூபாய் சொச்சம்!

இவ்வளவுதானான்னு தோணுதா? அந்த நிலத்துல பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு, செலவு போக வருஷத்துக்கு எவ்வளவு நின்னதுன்னு எழுதி, பக்கத்துல இந்த 40,000-ஐ வெச்சுப் பாருங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு இது.

ஏற்கனவே வித்துட்டீங்களா? வேற நிலம், கிணறு, பிள்ளைங்க படிப்பு, எஃப்டி, மியூச்சுவல் ஃபண்டுன்னு போட்டா சொத்து உருவம் மாறுது, அவ்வளவுதான். காரு, கல்யாணப் பந்தல்னு போனா அது நவ்ரு வழி. வரியையும் பாத்துக்குங்க: நகராட்சி எல்லையில இருந்து சட்டம் சொல்ற தூரத்தைத் தாண்டின கிராமப்புற விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. உங்க நிலம் அந்த வரையறைக்குள்ள வருதான்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க.

கல்ஃப்ல இருக்கிறவங்களுக்கு: சம்பளம் வந்த அன்னைக்கே 10 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு மாத்துங்க. வெளிநாட்டுல இருக்கிற வரைக்கும் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவுல வருமான வரி இல்லை. ஊருக்கே திரும்பிட்டா பேங்க்ல சொல்லி அந்தக் கணக்கை மாத்தணும், மறந்துடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுங்க. உங்க வீட்டுக்கு வர்ற பணத்துல நின்னு போகக்கூடியது எது, வருஷா வருஷம் விளையறது எதுன்னு ரெண்டாப் பிரிச்சு எழுதுங்க. முதல் பக்கம் பெருசா இருந்தா, சேமிப்பை இந்த மாசமே ஆரம்பிச்சுடுங்க.