நால்வர் போனால் நால்வரும் திரும்ப வேண்டும்

ஆர்தர் மன்னரின் கதை தெரிந்தவர்களுக்கு மோர்ட்ரெட் யார் என்று சொல்லத் தேவையில்லை. மன்னர் நாட்டில் இல்லாத நேரம் பார்த்து அரியணையைப் பிடித்துக்கொண்ட துரோகி அவன். தாமஸ் மாலரி எழுதி, வில்லியம் காக்ஸ்டன் 1485ல் அச்சிட்ட புகழ்பெற்ற நூலில், கடைசிப் போரில் ஆர்தரும் மோர்ட்ரெட்டும் ஒருவர் கையால் ஒருவர் வீழ்கிறார்கள். ஆர்தரின் ஆட்சி அதோடு முடிந்துவிடும்.

‘கிங் ஆர்தர்: நைட்ஸ் டேல்’ என்ற கணினி விளையாட்டு, அந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இயங்கும் நியோகோர்கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு 2022 ஏப்ரலில் வெளியானது. ஏரியின் அரசி மோர்ட்ரெட்டை மீண்டும் உயிர்ப்பிக்கிறாள். இறந்தும் இறவாத கொடிய உருவமாக அவலோன் தீவை அழித்துக்கொண்டிருக்கும் ஆர்தரை வீழ்த்துவதே அவன் பணி. ஆம், நாம் விளையாடப்போவது அந்தத் துரோகியாகத்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நான், விடுமுறை நாள்களில் இந்த விளையாட்டை ஆடி வருகிறேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வான். “சண்டையில் ஜெயித்தால் போதாதா அண்ணா? ஏன் இவ்வளவு மெதுவாக ஆடுகிறாய்?” என்பது அவன் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அவனுக்கு நான் சொன்ன பதில்களையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு முன்குறிப்பு. இருளும் இரத்தமும் நிறைந்த விளையாட்டு இது. வயதுக்கான தரக்குறியீட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

மூன்று கோடுகளைப் படியுங்கள்

இது விரல் வேகத்தைச் சோதிக்கும் விளையாட்டு அன்று. சதுரங்கம்போல் முறை வைத்து ஆடவேண்டும். உங்கள் வீரர்கள் நகர்ந்து முடித்த பிறகே எதிரிகள் நகர்வார்கள். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வீரருக்கும் கவசம், உடல்நலம், உயிராற்றல் என மூன்று அளவுகள் உண்டு. எதிரியின் அடியைக் கவசம் குறைக்கும். அதையும் தாண்டி வருவது உடல்நலத்தைக் கரைக்கும். உடல்நலம் தீர்ந்துவிட்டால் அடி உயிராற்றலில் விழும். இந்த மூன்றாவது அளவில்தான் முழுக் கவனமும் இருக்கவேண்டும்.

உடல்நலம் இழந்தவர் அடுத்த பணிக்குள் தேறிவிடுவார். உயிராற்றல் இழந்தவருக்கு அப்படியில்லை. அவருக்குக் காயங்கள் ஏற்படலாம். கேமலட் கோட்டையில் சிகிச்சைக்குப் படுக்கவேண்டும். மற்றவர்கள் போருக்குப் போகும்போது அவர் வரமுடியாது. உயிராற்றல் முழுவதும் தீர்ந்தால் அவர் இறந்துவிடுவார். பிறகு அவர் திரும்ப வரமாட்டார்.

ஆகவே, “இந்தச் சண்டையில் ஜெயிக்க முடியுமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஜெயித்த பிறகு அடுத்த பணிக்கு யார் மிச்சமிருப்பார்கள்?” என்று கேளுங்கள். நான் மெதுவாக ஆடுவதற்குக் காரணம் இந்தக் கேள்விதான்.

போர்க்களத்தில் நான் பின்பற்றும் நான்கு விதிகள்

ஒன்று, ஒரு நேரத்தில் ஓர் எதிரி. மூன்று பேரைப் பாதிப் பாதியாக அடித்தால் அடுத்த முறையில் அந்த மூன்று பேரும் திருப்பி அடிப்பார்கள். அதே அடிகளை ஒருவன்மீது குவித்து அவனை வீழ்த்தினால் இரண்டு பேர்தான் அடிப்பார்கள். எளிய கணக்குதான். ஆனால் பதற்றத்தில் முதலில் மறந்துபோவது இதுதான்.

இரண்டு, முதுகைக் காட்டாதீர்கள். பின்னாலிருந்து தாக்கினால் சேதம் அதிகம். இது எதிரிக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். ஒருவரை நகர்த்தி முடிக்கும் முன், அவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார் என்று கவனியுங்கள். சுவர் ஓரமாகவோ இன்னொரு வீரருக்கு அருகிலோ நிறுத்தினால் பின்பக்கம் காப்பாற்றப்படும்.

மூன்று, குறுகிய வழியைத் தேடுங்கள். கேடயம் ஏந்திய தற்காப்பு வீரர் ஒருவரை வாசலில் நிறுத்தினால், கூட்டமாக வரும் எதிரிகள் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அவருக்குப் பின்னால் வில்லாளரைக் கண்காணிப்பு நிலையில் வைத்தால், எதிரி அவர் பார்வை எல்லைக்குள் அசையும்போதே அம்பு பாயும். வில்வீராங்கனை டின்ட்ரேன் என் அணியில் இருக்கும்வரை இந்த உத்தியைத்தான் அதிகம் நம்புகிறேன்.

நான்கு, எதிரியைப் படியுங்கள். சண்டை தொடங்குமுன் ஒவ்வோர் எதிரியின் விவரத்தையும் திறந்து பாருங்கள். கவசம் தடித்தவன் யார், தொலைவிலிருந்து தாக்குபவன் யார், மந்திரம் செய்பவன் யார் என்று தெரிந்துகொண்டால் முதலில் யாரை வீழ்த்துவது என்பது தானாகப் புரியும். நான் பெரும்பாலும் மந்திரவாதியிலிருந்து தொடங்குவேன்.

பன்னிரண்டு பேர், நான்கு இடங்கள்

வட்டமேசையில் 12 பேருக்கு இடம் உண்டு. ஆனால் வழக்கமான ஒரு பணிக்கு நால்வர்தான் போகமுடியும். சிறந்த நால்வரை மட்டும் எல்லாப் பணிகளுக்கும் அனுப்பத்தான் மனம் சொல்லும். தம்பியின் யோசனையும் அதுதான்.

அதில் உள்ள ஆபத்து சற்றுத் தாமதமாகத் தெரியும். நால்வர் மட்டுமே வலிமை பெறுவார்கள். அவர்களில் இருவர் சிகிச்சைக்குப் படுத்தால், அனுபவமே இல்லாத இருவரைக் கடினமான களத்துக்கு அனுப்ப நேரிடும். அங்கேதான் உயிர்கள் போகும்.

நான் வீரர்களை இரண்டு அணிகளாகப் பார்க்கிறேன். கடினமான பணிக்கு மூன்று மூத்தவர்களுடன் ஓர் இளையவர். எளிதான பணிக்கு ஒரு மூத்தவருடன் மூன்று இளையவர்கள். கேமலட்டில் பயிற்சிக்களம் அமைத்தால் களத்துக்குப் போகாதவர்களும் அனுபவம் பெறலாம். தங்கமும் கட்டடப் பொருள்களும் அளவோடுதான் கிடைக்கும். அவற்றைச் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் முதலில் செலவிடுங்கள். பளபளக்கும் வாள் பிறகு வரட்டும்.

இணைப்பாட நடவடிக்கையில் காற்பந்து ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. மாற்று ஆட்டக்காரர்களைத் தயார்செய்யாத குழு, பருவத்தின் முடிவில் திணறும்.

இரண்டு அச்சுகள்

இந்த விளையாட்டில் உங்கள் முடிவுகளைப் பதிவுசெய்யும் அட்டவணை ஒன்று உண்டு. ஓர் அச்சில் நேர்மையான ஆட்சியாளர் ஒருபுறம், கொடுங்கோலர் மறுபுறம். இன்னோர் அச்சில் கிறிஸ்துவ சமயமும் பழைய நம்பிக்கையும். பிடிபட்டவரை விடுவிப்பதா, தண்டிப்பதா என்பதுபோல் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் உங்களை ஏதாவது ஒரு திசையில் நகர்த்தும். சில வீரர்கள் உங்கள் நிலை அவர்களுக்குப் பொருந்தினால்தான் சேருவார்கள்.

சேர்ந்தவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கொள்கை உண்டு. உங்கள் முடிவு பிடிக்காவிட்டால் அவர்களின் விசுவாசம் குறையும். அளவுக்கு மீறிக் குறைந்தால் கேமலட்டை விட்டே போய்விடலாம்.

எனவே தொடக்கத்திலேயே ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரையும் திருப்திப்படுத்த நினைத்து நடுவில் நின்றால் எந்தப் பக்கத்துச் சலுகையும் முழுமையாகக் கிடைக்காது. ஆனால் சலுகைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எதிரில் நிற்பவர் சொல்வதை முழுவதும் படியுங்கள். மோர்ட்ரெட் பழைய துரோகியாகவே இருக்கவேண்டுமா என்பதை முடிவுசெய்வது நீங்கள்தான்.

பழைய கதைகளைத் தெரிந்துகொள்வதும் உதவும். தொடக்கத்திலேயே நம்முடன் சேருபவர்களில் சர் பாலன் ஒருவர். பெயரைக் கேட்டதும் “நம்ம ஊர்க்காரரா?” என்று தம்பி சிரித்தான். மாலரியின் நூலில் பாலினும் பாலனும் உடன்பிறந்தவர்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் மோதி இருவரும் மாண்டுபோகிறார்கள். அதைப் படித்த பிறகு பாலன் எனக்கு வெறும் வீரராகத் தெரியவில்லை. அவரைத் தனியே முன்னால் அனுப்பக் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் உத்திக்கும் நல்லதுதான்.

திரும்ப ஏற்றலாமா?

எங்கள் வீட்டில் இன்னும் முடியாத விவாதம் இது. வீரர் ஒருவர் இறந்துவிட்டால், சேமித்து வைத்த பழைய கட்டத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆடலாம். தம்பி அதைத்தான் செய்யச் சொல்கிறான். “வழி இருக்கும்போது எதற்காக ஒருவரை இழக்கவேண்டும்?” என்கிறான். நியாயமான கேள்விதான். முதன்முறையாக ஆடுபவர்கள் அப்படிச் செய்து கற்றுக்கொள்வதில் தவறில்லை.

ஆனால் விருப்பம்போல் சேமிக்க முடியாத ‘ரோக்லைட்’ முறையும் இதில் இருக்கிறது. இழந்தவர் இழந்தவரே. இரண்டையும் ஆடிப் பார்த்ததில், திரும்ப வழியில்லாதபோதுதான் நான் எதிரியின் விவரத்தைக் கடைசி வரிவரை படிக்கிறேன், ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கிறேன். திரும்ப ஏற்றலாம் என்று தெரிந்தால் கண் பாதி வரியிலேயே நின்றுவிடுகிறது. அடிப்படை பழகியதும் ஒருமுறையாவது அந்த முறையில் ஆடிப் பாருங்கள்.

கடைசியாக, நேரம். எனக்கு ஒரு பணி முடிய முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகிறது. ‘இன்னும் ஒரு முறை’ என்று இழுத்துக்கொண்டே போகும் விளையாட்டு இது. அதனால் பணி முடிந்து கேமலட்டுக்குத் திரும்பும் இடத்தையே நிறுத்துமிடமாக வைத்திருக்கிறேன். காயம்பட்டவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, கணினியை மூடிவிட்டு, நாளைய பாடத்தை எடுத்துவிடலாம். அவர்களுக்கு ஓய்வு தேவைப்படுகிற நேரத்தில் நமக்கும் அது தேவைப்படுகிறது.