ஐரோப்பிய ஒன்றியம் விரிவடையும்போது மக்களிடம் என்ன சொல்கிறார்கள்?

உங்கள் புளோக்கிற்குப் புதிதாகச் சில குடும்பங்கள் வரப்போகின்றன. மின்தூக்கி பொது, பராமரிப்புச் செலவும் பொது. ஆனால் உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமான் ஏற்றிய லாரி கீழே வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. எப்படி இருக்கும்?

வருகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் "நம்மகிட்ட யாரும் சொல்லலையே" என்ற குறை மனத்தில் தங்கிவிடும், இல்லையா?

ஐரோப்பாவில் பலருக்கு இருக்கும் குறையும் கிட்டத்தட்ட அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது 27 நாடுகள் உள்ளன. உக்ரேன், மால்டோவா, மோன்டெனெக்ரோ, அல்பேனியா உட்பட மேலும் சில நாடுகள் சேரக் காத்திருக்கின்றன.

சேர்வதற்கு யார் சம்மதிக்கவேண்டும்?

எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்கவேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் முடியாது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவை.

பிரான்ஸில் இன்னொரு படி உண்டு. புதிய நாட்டைச் சேர்ப்பது பற்றிப் பொது வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று அதன் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்க நாடாளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஆகவே, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

2004ஆம் ஆண்டு என்ன நடந்தது?

அந்த ஆண்டு மே முதல் தேதி ஒரே நாளில் 10 நாடுகள் சேர்ந்தன. மக்கள் கேட்ட கேள்வி எளிமையானது: "எத்தனை பேர் வேலை தேடி வருவாங்க?"

பிரிட்டிஷ் அரசாங்கத்திற்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, நிகரமாக ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்றது. ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடுதான் அந்த எண்ணைத் தந்தார்கள். எச்சரிக்கை மறந்துபோனது. எண் மட்டும் நினைவில் நின்றது.

பிரிட்டன், அயர்லந்து, சுவீடன் ஆகியவை வேலைச் சந்தையை உடனே திறந்துவிட்டன. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற பெரிய நாடுகள் திறக்கவில்லை. இரண்டே ஆண்டில் 400,000க்கும் அதிகமானோர் பிரிட்டனில் வேலைக்குப் பதிந்துகொண்டனர். அவர்களில் சிலர் பின்னர் திரும்பிச் சென்றிருக்கலாம். ஆனாலும் முன்பு சொன்ன எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

வந்தவர்கள் உழைத்தார்கள், வரி கட்டினார்கள். ஆனால் "அரசாங்கம் சொன்னது ஒண்ணு, நடந்தது ஒண்ணு" என்ற பேச்சு அடங்கவில்லை. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேக் ஸ்ட்ரா, அது பெரிய தவறு என்று 2013இல் ஒப்புக்கொண்டார். 2016இல் 51.9 விழுக்காட்டினர் ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தனர். அதற்குக் காரணங்கள் பல. அந்தப் பழைய எண்ணும் விவாதங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

வதந்திக்குச் சிரித்துக்கொண்டே பதில்

2005இல் பிரான்ஸில் ஐரோப்பிய அரசமைப்பு பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. குறைந்த சம்பளத்திற்கு வந்து உள்ளூர்க்காரர் வேலையைப் பறிக்கும் "போலந்து பிளம்பர்" பற்றியே எங்கும் பேச்சு. பிரெஞ்சு மக்களில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர்.

போலந்தின் சுற்றுப்பயணத் துறை என்ன செய்தது தெரியுமா? அழகான ஒரு பிளம்பரின் படத்தைப் போட்டு, "நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் வாருங்கள்" என்ற பொருளில் விளம்பரம் செய்தது. பலரும் ரசித்தார்கள். ஆனால் அது வந்தது வாக்கெடுப்பு முடிந்த பிறகு.

நெதர்லந்தில் தாமதமாக வந்த விளக்கம்

2016இல் உக்ரேனுடனான ஒத்துழைப்பு ஒப்பந்தம் பற்றி நெதர்லந்து மக்களிடம் கேட்கப்பட்டது. அது உறுப்பியம் பற்றிய ஒப்பந்தமே அல்ல. வாக்களித்தவர்கள் 32 விழுக்காட்டினர்தான். அவர்களில் 61 விழுக்காட்டினர் எதிர்த்தனர்.

அதன் பிறகுதான், இந்த ஒப்பந்தத்தால் உக்ரேனுக்கு உறுப்பியம் கிடைத்துவிடாது என்று தலைவர்கள் எழுத்தில் உறுதியளித்தனர். நெதர்லந்து மறு ஆண்டு ஒப்புதல் தந்தது. மக்களின் சந்தேகத்திற்குப் பதில் இருந்தது. சொல்லவேண்டிய நேரத்தில் அது போய்ச் சேரவில்லை.

சேர விரும்பும் நாட்டில் எப்படி?

அங்கும் எளிதல்ல. மால்டோவாவில் 2024இல் நடந்த வாக்கெடுப்பில் ஒன்றியத்தில் சேரும் இலக்குக்கு ஆதரவு 50.4 விழுக்காடு. வித்தியாசம் சுமார் 10,500 வாக்குகள்தான்!

இப்போது ஏன் இது முக்கியம்?

உக்ரேன் பெரிய விவசாய நாடு. 2023இல் அதன் மலிவான தானியம் குவிந்தபோது போலந்து விவசாயிகள் கொதித்தெழுந்தனர். போலந்து அரசாங்கம் இறக்குமதிக்குத் தடை விதித்தது. உக்ரேன் போரில் இருக்கும்போது அதற்குத் தோள்கொடுத்த அண்டை நாடு அது! "பாதுகாப்பு, அமைதி" என்று மேலே பேசும்போது, கீழே ஒரு விவசாயி "என் கோதுமைய யார் வாங்குவாங்க?" என்று கேட்கிறார். அவருக்கும் பதில் வேண்டும்.

நம் வட்டாரத்திலும் விரிவாக்கம் நடந்தது. 2011இல் விண்ணப்பித்த திமோர் லெஸ்டே, 2025 அக்டோபரில் ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது. ஆசியான் ஐரோப்பிய ஒன்றியத்தைப் போன்றதல்ல. ஒரு நாடு சேர்ந்ததும் அதன் மக்கள் இன்னொரு நாட்டில் தாராளமாக வேலை செய்ய முடியாது. அதனால் இங்கே அந்த அளவுக்குச் சூடு இல்லை.

ஐரோப்பாவின் அனுபவம் சொல்வது இதுதான்: லாபத்தோடு செலவையும் சொல்லவேண்டும். உறுதியாகத் தெரியாததை உறுதிபோலச் சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் லாரி வந்து நிற்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.