நிலவும் ஒலியும்

திருவண்ணாமலையை அடுத்து, வேலூர்ச் சாலையில் அமைந்த ஊர் வேங்கிக்கால். ஒருபால் ஏரியும், ஒருபால் ஓங்கி நிற்கும் அண்ணாமலையும் அவ்வூருக்கு அழகு செய்கின்றன. பௌர்ணமிதோறும் மலையை வலம் வருவதற்கு மக்கள் அணியணியாய்த் திரண்டு வருவர். வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது.

அவ்வாறு வருபவருள் ஒருவர், பௌர்ணமி இரவில் மட்டுமே வானை நோக்கும் வழக்கமுடையவர் என்று கொள்க. வரும்போதெல்லாம் அவர் முழுநிலவையே காண்பார். பல ஆண்டுகள் கண்டபின், "நிலவு என்றும் வட்டமானது, அது வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை" என்று முடிவு கட்டுவார். அவர் கண்ட காட்சிகளுள் ஒன்றேனும் பொய்யன்று. ஆயினும் அவர் முடிவு முற்றும் பொய்யாயிற்று. இது வியப்பன்றோ?

நிலவு ஒருமுறை வளர்ந்து தேய்வதற்கு ஏறத்தாழ 29½ நாள் ஆகும். அவர் நோக்கும் இடைவெளியும் அதுவே. இரு முழுநிலவுகளுக்கு இடையே நிகழ்ந்த மாற்றமெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பின. மாதம் இருமுறை நோக்கினால் போதுமோ எனின், அதுவும் போதாது. வளர்பிறையின் எட்டாம் நாளும் தேய்பிறையின் எட்டாம் நாளும் மட்டும் நோக்குபவர், நிலவு என்றும் பாதியே என்பார். வாரந்தோறும் தவறாது நோக்கும் வேங்கிக்கால் சிறுவனோ, நிலவு வளர்தலையும் தேய்தலையும் தெளிவாக அறிவான். ஒரு சுழற்சிக்கு இருமுறைக்கு மேல் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஒலியைப் பதிவு செய்வோர் போற்றும் விதியும் இதுவே. கோயிலில் நாகசுரம் முழங்கும்போது காற்று அதிர்கின்றது. அவ்வதிர்வை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகின்றது. அவ்வலையின் உயரத்தைச் சமமான கால இடைவெளியில் அளந்து, கருவி எண்களாக எழுதிக் கொள்கின்றது. ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கப்படுகின்றதோ, அவ்வெண்ணிக்கை 'மாதிரி வீதம்' எனப்படும். அது, ஒலியில் உள்ள மிக விரைந்த அதிர்வின் இருமடங்கைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். 1928 ஆம் ஆண்டில் ஹாரி நைகுவிஸ்டு என்னும் பொறிஞர் இதற்கு அடிகோலினார். 1949 ஆம் ஆண்டில் கிளாடு ஷானன் இதனைக் கணித முறையில் விளக்கினார்.

மனிதர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. ஆதலின் இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கின்றனர். இரு ஒலிவழிகளுக்கும் சேர்த்து ஒரு நிமிட இசைக்கு 52,92,000 எண்கள் வேண்டும். மரபான எண்முறைத் தொலைபேசியிலோ 8,000 முறையே அளப்பர். பேச்சை உணர அது போதும். நாகசுரத்தின் நுண்ணிய ஒலிகளை ஏந்த அது போதாது.

குறைத்து அளப்பதில் மற்றுமொரு தீங்கு உண்டு. நொடிக்கு 8,000 முறை அளக்கும் கருவியில் 7,000 அதிர்வுள்ள ஒலி புகுமாயின், அது 1,000 அதிர்வுள்ள ஒலியாக வேடமிட்டுத் தோன்றும். மெய்யான 1,000 அதிர்வினின்றும் அதனைப் பின்னர்ப் பிரித்தறிய இயலாது. ஆதலின் விதிக்கு மேற்பட்ட அதிர்வுகளை, அளப்பதற்கு முன்னரே வடிகட்டி நீக்குவர்.

முதுபெரும் இசைவாணர் ஒருவரின் குரலைப் பிற்காலத்தார்க்கென்று பதிவு செய்வோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். வீதம் குறைந்த பதிவில் விடுபட்டதைப் பின்னர் எக்கருவியாலும் மீட்க இயலாது. பாடியவர் மறைந்தபின் மீண்டும் அளப்பது எங்ஙனம்? கண்டது மெய்யாக இருப்பின் மட்டும் போதாது. மெய்யை அறியுமளவு அடுத்தடுத்துக் காணுதலும் வேண்டும். வேங்கிக்காலின் வானில் வளர்ந்து தேயும் நிலவு இவ்வுண்மையை மாதந்தோறும் உணர்த்துகின்றது.